ஆடாத முக்காலி

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும் என்று பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். போட்டோக் கலையில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களில் பலர் இந்தப் பழமொழியை மறந்துவிடுகிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து, வீட்டு எஜமானியின் சம்மதத்தையும் ஒருவாறு பெற்று, நல்ல காமிரா ஒன்று வாங்குகிறார்கள். பிறகு லென்ஸ் ஒன்றுக்கு இரண்டாக வந்து சேருகிறது. பை வருகிறது, பைக்கு ஒரு மழை உறையும் வருகிறது. கடைசியில், இவ்வளவு விலையுயர்ந்த சாமான்களையும் தாங்கி நிற்க வேண்டிய முக்காலியின் முறை வரும்போது மட்டும் கை சுருங்கிவிடுகிறது. "அது என்ன, மூன்று குச்சிதானே?" என்கிறார்கள். யானையைக் கேட்ட விலைக்கு வாங்கிவிட்டு, அங்குசத்துக்குப் பேரம் பேசுவதைப் போன்றது இது.

கடைக்காரர்கள் 'ட்ரைபாட்' என்று சொல்வதைத்தான் நாம் முக்காலி என்கிறோம். வெளியிடங்களில், அதாவது கடற்கரையிலும் மலையிலும் அருவிக் கரையிலும், படம் பிடிக்க விரும்புகிறவர் எப்படிப்பட்ட முக்காலியை வாங்க வேண்டும், அதன் மேல் எப்படிப்பட்ட தலையைப் பொருத்த வேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசம். பௌதிகம் போதிக்கும் தொழில் நம்முடையது. ஆகையால் நடுநடுவே வகுப்பறை வாடை வீசினால் நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கால் ஏன்?

நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. தரையில் ஒரு பக்கம் பள்ளமாயிருந்தால், நாற்காலியின் காலுக்கடியில் காகிதத்தை மடித்துச் செருகிச் சிசுருஷை செய்கிறோம் அல்லவா? முக்காலிக்கு அந்தச் சிசுருஷை வேண்டியதில்லை. ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் எங்கே இருந்தாலும், அவற்றின் வழியாக ஒரு சமதளம் நிச்சயமாகச் செல்லும். நாலாவது புள்ளி வந்து சேரும்போதுதான் தகராறு ஆரம்பமாகிறது. பாறையும் மணலும் மரவேரும் நிறைந்த இடத்தில் காமிராவை நிறுத்துவதற்கு மூன்று கால்களே உகந்தவை என்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, காமிராவைக் கையிலேயே பிடித்துக்கொண்டால் என்ன? நல்ல வெயிலில் தாராளமாகப் பிடிக்கலாம். கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்கப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் 50 மில்லிமீட்டரானால் ஷட்டர் ஒரு விநாடியில் 50-ல் ஒரு பங்குக்கு மேல் திறந்திருக்கலாகாது. 200 மில்லிமீட்டரானால் 200-ல் ஒரு பங்கு. தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், கை நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டிவிடும் என்பதே இந்தக் கணக்கின் தாத்பரியம்.

ஆனால் மனத்தைக் கவரும் காட்சிகளெல்லாம் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுகின்றனவா? உதயத்துக்கு முந்திய செவ்வானம் கால் விநாடியையோ, பல விநாடிகளையோ கேட்கும். அருவி நீர் வெண்பட்டுப்போல் படத்தில் விழ வேண்டுமானால் அரை விநாடி முதல் இரண்டு விநாடி வரையில் வேண்டியிருக்கும். அமாவாசை இரவில் பால்வீதி மண்டலத்தைப் பிடிக்க, அகன்ற லென்ஸைக் கொண்டு இருபது விநாடிக்குக் குறையாமல் திறந்து வைக்க வேண்டும். இருபது விநாடி நேரம் கையை அசைக்காமல் நிற்பது யோகிகளாலும் ஆகிற காரியமா என்பது சந்தேகந்தான்!

இந்நாளில் வரும் காமிராக்களில் கை நடுக்கத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு உள்ளே அமைந்திருக்கிறது. அது மெய்யாகவே அற்புதமான ஏற்பாடு. நாம் குறை கூறவில்லை. கையில் பிடித்து அரை விநாடிப் படத்தைக்கூடச் சில சமயம் அதன் தயவால் எடுத்துவிடலாம். எனினும் பல விநாடி நீளும் படத்துக்கு அது போதாது. ஒரே காட்சியைப் பல படங்களாக எடுத்து ஒட்டுவதற்கும், ஒரே கட்டத்தை அங்குலம் பிசகாமல் மணிக்கணக்கில் காத்திருந்து பிடிப்பதற்கும் கை உதவாது. கைப்பேசியில் படம் பிடிப்போருக்கும் இது பொருந்தும். இரவுப் படத்துக்கென்று ஏற்பட்ட முறையில், ஆடாத இடத்தில் தன்னை நிறுத்தியிருப்பதை உணர்ந்து, அதிக நேரம் ஒளியை வாங்கிக்கொள்ளும் கைப்பேசிகளும் இன்று உண்டு.

இரண்டு சாட்சிகள்

பெயரிலேயே முக்காலியின் சாயல் கொண்ட ஒருவர் நம் நாட்டில் வேலை செய்திருக்கிறார். காப்டன் லினேயஸ் ட்ரைப் என்பவர் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்து, 1858-ஆம் ஆண்டில் மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்தார். மெழுகேற்றிய காகிதத்தில் நெகடிவ் எடுத்த காலம் அது. ஒளியை வாங்கிக்கொள்ள அந்தக் காகிதத்துக்கு விநாடிகள் போதா; நிமிஷக் கணக்கில் ஆகும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் வெட்டியுள்ள கல்வெட்டுக்களை அவர் துண்டு துண்டாகப் பிடித்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாகச் செய்தார். காமிரா ஓர் இடத்தில் சற்றே சாய்ந்து, இன்னோர் இடத்தில் சற்றே உயர்ந்திருந்தால் கல்வெட்டின் வரிகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்குமா? அந்தப் படம் இன்றும் இருக்கிறது. அதன் புகழில் ஒரு பங்கு, பெயர் தெரியாத அந்த மரக்கால்களைச் சேர வேண்டியதே.

இன்னொரு சாட்சி அமெரிக்காவில். 1941-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற புகழ்பெற்ற போட்டோக் கலைஞர் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் வழியாக மோட்டாரில் வந்துகொண்டிருந்தார். கீழ்வானத்தில் சந்திரன், கீழே சிறு கோயிலும் கல்லறைச் சிலுவைகளும், அவற்றின் மீது அஸ்தமன சூரியனின் கடைசி வெளிச்சம். வண்டியை நிறுத்தி, பத்துக்கு எட்டு அங்குலப் பிலிம் கொள்ளும் பெரிய காமிராவை அவசரமாக நாட்டினார். ஒளியளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. சந்திரனின் பிரகாசத்தை மனத்தில் வைத்துக் கணக்கிட்டு, ஒரு விநாடி ஷட்டரைத் திறந்து மூடினார். இரண்டாவது படத்துக்குப் பிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மீதிருந்த வெளிச்சம் போய்விட்டது. ஆகவே கிடைத்தது ஒரே ஒரு படம். அந்த ஒரு விநாடியில் கால்கள் சற்று ஆடியிருந்தால், உலகப் பிரசித்தி பெற்ற அந்தப் படம் நமக்குக் கிடைத்தே இராது.

இந்த இரண்டு கதைகளிலிருந்தும் நாம் கற்றுக்கொள்வது ஒன்றுதான். முக்காலியை அது நன்றாக நிற்கும் வேளையைக் கொண்டு மதிக்கக் கூடாது. காற்று வீசி, வெளிச்சம் குறைந்து, நேரம் ஓடிக்கொண்டிருக்கும் மிகவும் மோசமான வேளையில் அது எப்படி நிற்கிறது என்பதைக் கொண்டே மதிக்க வேண்டும். கூடத்துச் சமதரையில் எல்லா முக்காலியும் நல்ல முக்காலியே!

கால்களின் லட்சணம்

முதலில் எதனால் செய்தது என்று பார்ப்போம். மரம், அலுமினியம், கார்பன் பைபர் என்று மூன்று ஜாதி. மரம் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கி அடக்கிவிடும் குணமுடையது. ஜெர்மனியில் 1898-ல் தோன்றிய பெர்லெபாக் நிறுவனம் இன்றும் மரத்தில் முக்காலி செய்கிறது. ஆயினும் கனம் அதிகம், மடித்தாலும் பருமன் குறையாது. அலுமினியம் விலை சகாயமானது. அடிபட்டால் நசுங்குமே தவிர உடையாது. கார்பன் பைபர் என்பது மெல்லிய கரி நார்களைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்த குழாய். 1994-ல் கிட்ஸோ நிறுவனம் அதில் முக்காலி செய்து விற்கத் தொடங்கியது முதல், அது மெள்ள மெள்ள எங்கும் பரவிவிட்டது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம் என்றால், இது சுமார் 1.6 கிராம்தான். அதிர்ச்சி சீக்கிரம் அடங்கும், பனியில் கையைச் சுடாது, உப்புக்காற்றில் அரிக்காது. விலை அதிகம் என்பதும், பாறையில் பலமாக மோதினால் கீறல் விழக்கூடும் என்பதும் இதன் குறைகள்.

ஆனால் 'கார்பன்' என்ற பெயரைக் கேட்டவுடனே மயங்கிவிடக் கூடாது. எதனால் செய்தது என்பதைக் காட்டிலும், எவ்வளவு பருமன் என்பதே முக்கியம். குழாயின் சுவர்க்கனம் மாறாதிருக்க, அதன் குறுக்களவு கூடக்கூட வளையாத தன்மை மும்மடிப் பெருக்கமாக ஏறும். 25 மில்லிமீட்டர்க் குழாயைவிட 32 மில்லிமீட்டர்க் குழாய் பார்வைக்குக் கொஞ்சந்தான் பெரிது. வளையாத தன்மையிலோ ஏறக்குறைய இரண்டு பங்கு. சுண்டுவிரல் பருமனில் நடனமாடும் கார்பன் காலைவிட, கட்டைவிரலை மிஞ்சிய அலுமினியக் கால் எவ்வளவோ மேல்.

அடுத்தது கணுக்கள். ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மூன்று, நான்கு அல்லது ஐந்து குழாய்களால் ஆகியிருக்கும். கணு அதிகமானால் மடித்து வைக்கும்போது நீளம் குறையும். ரெயில் பெட்டியில் பலகைக்கடியில் அடங்கிவிடும். ஆனால் கடைசிக் குழாய் குச்சியாக இளைத்துப்போகும். ஒவ்வொரு மூட்டும் ஆட்டத்துக்கு ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டாரில் போய் இறங்கிப் படம் பிடிக்கிறவருக்கு மூன்று குழாய்க் கால் உத்தமம். பஸ்ஸிலும் ரெயிலிலும் போகிறவருக்கு நான்கு. ஐந்து குழாய்க் கால், பாரம் தூக்க இயலாதவருக்கு மட்டும்.

உயரத்துக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். ஒருவருடைய உயரம் 165 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண் இருப்பது சுமார் 153-ல். அதில் முக்காலியின் தலைக்கு 10, காமிராவின் அடியிலிருந்து கண் வைக்கும் துவாரம் வரையில் 8 கழித்தால், மிச்சம் 135 சென்டிமீட்டர். கால்களை மட்டும் நீட்டி இந்த உயரம் வந்தால் போதும். மலைச்சரிவில் கால்களைக் கீழே இறக்க வேண்டியிருக்குமாதலால், இன்னும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கையிருப்பில் இருப்பது நல்லது.

'கால்களை மட்டும்' என்று நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல முக்காலிகளில் நடுவே ஒரு தண்டு இருக்கிறது; அதை உயர்த்தினால் காமிரா இன்னும் ஒரு முழம் மேலே போகும். விளம்பரத்தில் போடும் உயரம் பெரும்பாலும் தண்டையும் சேர்த்ததே. தண்டை உயர்த்திய மாத்திரத்தில், மூன்று கால் செய்த நன்மையெல்லாம் ஒற்றைக் கம்பத்தின் கையில் போய்விடுகிறது. கம்பத்தின் நுனியில் நிற்கும் கழைக்கூத்தாடியைப் பார்த்து நாம் கைதட்டலாம். நமது காமிராவை அந்த நிலையில் விட்டுவைக்க வேண்டியதில்லை. தண்டு இல்லாத முக்காலியோ, கழற்றி வைக்கக்கூடிய தண்டுள்ள முக்காலியோ வாங்குவதே விவேகம். அப்போது கால்களை அகல விரித்துத் தரைமட்டத்துக்கும் இறக்கலாம். புல்லில் பூத்த சிறு பூவைப் படம் பிடிக்க அது பெரிதும் உதவும்.

கனத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர்களுக்கு ஏழாவது மலையில் மூங்கில் கழியே பாரமாகத் தோன்றும். அங்கே மூன்று கிலோ முக்காலியைத் தூக்கிச் செல்வோர் அடுத்த தடவை அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள். பரணில் தூங்கும் முக்காலி எவ்வளவு உறுதியாயிருந்து என்ன பிரயோஜனம்? நெடுந்தூரம் நடக்கிறவருக்குத் தலையும் காலும் சேர்ந்து ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. கடற்கரைக்கும் ஏரிக்கரைக்கும் போகிறவருக்கு இரண்டரை, மூன்று. தம்முடைய கால்கள் எங்கே போகும் என்று தெரிந்துகொண்ட பிறகே முக்காலியின் கால்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிரசே பிரதானம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முக்காலிக்கும் பொருந்தும். நல்ல கால்களைத் தனியாகவும் தலையைத் தனியாகவும் விற்பார்கள். இரண்டையும் இணைக்கும் திருகாணி பெரும்பாலும் மூன்றே எட்டு அங்குலம். தலையையும் காமிராவையும் இணைப்பது கால் அங்குலம். இந்த மரை அளவுகள் உலகெங்கும் வழங்குவதால், ஒரு கம்பெனியின் காலில் இன்னொரு கம்பெனியின் தலையைப் பொருத்துவது புராண அற்புதமன்று; அன்றாட வழக்கமே.

தலைகளில் முக்கியமாக மூன்று வகை. மூன்று கைப்பிடிகளை உடையது ஒன்று. மேலும் கீழும், பக்கவாட்டில், சாய்வாக என்று ஒவ்வொரு திசைக்கும் ஒரு பிடி. அவசரமில்லாமல் கோபுரங்களையும் மண்டபங்களையும் நேராக நிறுத்திப் பிடிக்க விரும்புகிறவர் இதை நாடலாம். ஒரு திசையைச் சரிசெய்யும்போது மற்றது கலையாது. பையில் அடங்காமல் கைகள் துருத்திக்கொண்டு நிற்பதுதான் சங்கடம்.

இரண்டாவது, 'பால் ஹெட்' என்னும் பந்துத் தலை. கிண்ணத்தில் பொருந்திய உலோகப் பந்து, ஒரு திருகைத் தளர்த்தினால் காமிரா நினைத்த பக்கமெல்லாம் திரும்பும், இறுக்கினால் நின்றுவிடும். இலேசானது, விரைவானது, வெளியில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்றது. பந்து பெரிதாக இருப்பது நலம். 30 மில்லிமீட்டருக்குக் குறைந்த பந்து சிறு காமிராவுக்குச் சரி. கனத்த லென்ஸ் வைத்திருப்பவர் 40-க்குக் குறைந்ததைப் பார்க்க வேண்டாம். பந்தின் இறுக்கத்தைக் காமிராவின் பாரத்துக்குத் தக்கபடி முன்கூட்டியே அமைத்துக்கொள்ளத் தனித் திருகு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத தலையில், திருகைத் தளர்த்திய கணமே காமிரா குப்புறச் சாய்ந்து விரலை நசுக்கக்கூடும்.

மூன்றாவது, 'ஜிம்பல்' என்பது. இதைத் தொட்டில் தலை என்று சொல்லத் தோன்றுகிறது. வேடந்தாங்கலில் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே ஏரிக்கரையில் நின்று, நத்தைகுத்தி நாரை பறந்து வந்து கூட்டில் இறங்குவதைப் பிடிக்க வேண்டுமானால் நீண்ட, கனத்த லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸைத் தொட்டில்போல் தொங்கவிட்டு, அதன் பாரத்தின் மையம் சுழலும் அச்சிலேயே அமையும்படி செய்வதுதான் ஜிம்பல். ஒரு விரலால் தள்ளினால் திரும்பும். விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். பறவைப் பித்துப் பிடிக்காத குடும்பஸ்தர்களுக்கு இது தேவையில்லை.

எந்தத் தலையானாலும், காமிராவின் அடியில் பொருத்தும் தட்டு 'ஆர்கா-ஸ்விஸ்' என்று வழங்கும் வடிவத்தில் இருப்பது சௌகரியம். பெரும்பாலான கம்பெனிகள் அந்த வடிவத்தையே பின்பற்றுவதால், தட்டு தொலைந்தால் வேறொன்று சுலபமாகக் கிடைக்கும். அடித்தளத்தில் ஒரு சிறு ரசமட்டம் இருந்தால் இன்னும் விசேஷம்.

குமரி முனையில் ஒரு காலை

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போயிருந்தோம். விவேகானந்தர் பாறையும், 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறந்து வைக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலையும், பின்னால் சிவந்த வானமும் சேர்ந்து அமையும் அந்தக் காட்சியைப் பிடிக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. இருவர் முக்காலி கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று புத்தம் புதியது, பளபளவென்று மின்னியது, ஐந்து குழாய்க் கால், நீண்ட நடுத்தண்டு. மற்றது ஓவர்சியராயிருந்து ஓய்வு பெற்ற தாத்தாவினுடையது. நில அளவைக் கருவியை வைக்கும் மர முக்காலி அது. நில அளவைத் திருகாணி ஐந்தே எட்டு அங்குல அளவுடையதாதலால், கடைசல் பட்டறையில் பித்தளையில் ஓர் இணைப்புக் கடைந்து, அதன்மேல் பந்துத் தலையைப் பொருத்தியிருந்தார்கள். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த பையனைப் பார்த்து மற்றப் பிள்ளைகள், "பந்தக்கால் வருகிறது!" என்று சிரித்தார்கள்.

உதயத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது கடற்காற்று பலமாக வீசத் தொடங்கியது. புதிய முக்காலியின் நடுத்தண்டு வீணைத் தந்திபோல் அதிர்ந்தது. அதன் சொந்தக்காரன் பன்னிரண்டு படம் எடுத்தான். பன்னிரண்டிலும் வள்ளுவர் இருவராகக் காட்சியளித்தார். மரக்காலின் இரும்பு முனைகளை மணலில் மிதித்து இறக்கி, தலைக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைக் கட்டிய பையன், அரை விநாடிப் படம் நான்கு எடுத்தான். நான்கும் கல்லில் வெட்டியதுபோல் இருந்தன. ஊருக்குத் திரும்பும் வழியில் 'பந்தக்கால்' என்ற பெயரை யாரும் உச்சரிக்கவில்லை!

நாட்டும் முறை

உறுதியான முக்காலியையும் தவறாக நாட்டினால் பயனில்லை. பருமனான குழாயை முதலில் நீட்ட வேண்டும்; இளைத்த குழாயைக் கடைசியில், அவசியமானால் மட்டும். சரிவில் நிற்கும்போது இரு கால்களைப் பள்ளத்துப் பக்கமாகவும் ஒரு காலை மேட்டுப் பக்கமாகவும் வைக்க வேண்டும். கனத்த லென்ஸ் எப்போதும் ஒரு காலுக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருக்கட்டும். காற்று அதிகமானால் உயரத்தைக் குறைப்பதே முதல் வைத்தியம். காமிராவின் தோள்பட்டை பாய்மரம்போல் காற்றை வாங்கும், கழற்றி விடுங்கள். பாரத்துக்காகப் பையைத் தொங்கவிட்டால், அதன் அடி தரையில் சற்றே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஊஞ்சலாடி, நிற்கிற முக்காலியையும் ஆட்டிவிடும். ஷட்டரை விரலால் அழுத்தாமல், இரண்டு விநாடி தாமதத்தில் தானே திறக்கும்படி அமைப்பது எல்லாவற்றிலும் சுலபமான உபாயம், செலவும் இல்லை.

கடலிலிருந்து திரும்பிய உடனே நல்ல தண்ணீரில் கால்களை அலம்பி, நீட்டிய நிலையிலேயே நிழலில் காயவைக்க வேண்டும். மணலோடு மடித்தால், மணல் மூட்டுக்குள் புகுந்து திருகின் மரையைத் தின்றுவிடும். புராதனச் சின்னங்களிலும் கோயில்களிலும் முக்காலி நாட்டுவதற்கு முன் அனுமதி கேட்பது பல இடங்களில் விதி. விதி இல்லாத இடத்திலும், பிரகாரத்தில் நடப்போருக்கு இடைஞ்சல் இல்லாமல் நிற்பது மரியாதை.

கடையில் ஒரு பரீட்சை

வாத்தியார் எழுதும் கட்டுரையில் பரீட்சை இல்லாமற் போனால் எப்படி? காமிராவையும், உங்களிடமுள்ளவற்றில் மிக நீண்ட லென்ஸையும் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். 'இத்தனை கிலோ தாங்கும்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் அளந்து அதைப் போடுவதில்லை. உங்கள் சாமானின் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு எழுதியிருந்தால், மேலே பரீட்சைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதற் கேள்வி: கால்களை முழுவதும் நீட்டி, தலைப்பாகத்தை இரு கைகளாலும் பிடித்து இடவலமாகத் திருகிப் பாருங்கள். கட்டில் கால்போல் நெகிழ்கிறதா? இரண்டாவது: காமிராவைப் பொருத்தி, கடைக்கு எதிரேயுள்ள பெயர்ப்பலகையின் ஓர் எழுத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒரு காலை விரலால் சுண்டுங்கள். எழுத்தின் நடுக்கம் எத்தனை விநாடியில் அடங்குகிறது? இரண்டு முக்காலிகளை அருகருகே வைத்து இப்படிப் பார்த்தால், உண்மை தானே வெளிவந்துவிடும். மூன்றாவது: தலையின் திருகை இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறதா? அப்படியானால் லென்ஸ் கீழே சரிகிறது என்று அர்த்தம். அந்தத் தலை வேண்டாம். நான்காவது: கண்ணை மூடிக்கொண்டு பூட்டுக்களைத் திறந்து மூடிப் பாருங்கள். விடியற்காலை இருட்டில் உங்கள் விரல்கள்தான் உங்களுக்குக் கண். ஐந்தாவது: மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரையில் நடந்து வாருங்கள். கடைக்காரர் சம்மதித்தால்தான்!

இந்த ஐந்திலும் தேறிய முக்காலியின் விலை, நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருக்கலாம். மலிவானது ஒன்று வாங்கி, அது ஆடுகிறதென்று இன்னொன்று வாங்கி, அதுவும் போதாமல் மூன்றாவது வாங்கும் குடும்பங்கள் எத்தனையோ. அந்த மூன்றின் விலையைக் கூட்டிப் பார்த்தால், முதலிலேயே நல்லதொன்று வாங்கியிருக்கலாம் என்பது புலப்படும். காமிரா நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல முக்காலியோ அடுத்த காமிராவையும், அதற்கடுத்த காமிராவையும் தாங்கும். பணம் போதாவிட்டால் காத்திருங்கள். அல்லது காமிராவின் விலையில் ஒரு படி இறங்கி, மிச்சத்தை முக்காலியில் போடுங்கள்.

எல்லோருக்கும் முக்காலி அவசியம் என்று நாம் சாதிக்க வரவில்லை. தமிழ்நாட்டின் தலைசிறந்த இயற்கை ஆராய்ச்சியாளர்களில் ஒருவரான மா. கிருஷ்ணன் (1912-1996) யானை மேலிருந்தபடியே காட்டு விலங்குகளைப் படம் பிடித்தவர். யானை முதுகில் முக்காலி நாட்ட முடியுமா? குழந்தைகளின் விளையாட்டையும் திருவிழாக் கூட்டத்தையும் பிடிக்கவும் வெறுங்கையே மேலானது.

ஆனால் ஒரு படத்துக்கு மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் முக்காலி வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டு ஆல்பத்தைப் பிரித்துப் பாருங்கள். ஊட்டியில் தாயார் இருக்கிறாள், குழந்தைகள் இருக்கிறார்கள், பாட்டி கம்பளி போர்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒருவர் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. காமிராவைக் கையில் வைத்திருந்தவர்! வருஷக்கணக்காகக் குடும்பத்தைப் படம் பிடித்துக் கொடுத்தவரின் முகத்தைப் பேரப்பிள்ளைகள் எங்கே போய்த் தேடுவார்கள்? அடுத்த பிரயாணத்தில் முக்காலியை நன்றாக ஊன்றி, பத்து விநாடி தாமதத்தில் ஷட்டரை அமைத்துவிட்டு, ஓடிப்போய்ப் பாட்டியின் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். காற்று எவ்வளவு வீசினாலும் முக்காலி அசையாமல் நிற்கட்டும். சிரிப்பை அடக்க முடியாமல் அசைகிறவர்கள் நீங்களாக மட்டும் இருந்தால் போதும்.